‘உங்களைப் பத்திச் சொல்லுங்க..!’ - இன்டர்வியூவில் மனப்பாடம் கைவிடும், வாழ்க்கை கைகொடுக்கும்!

காலை ஏழரை மணிக்குக் குயிலாப்பாளையம் சாலையில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஆரோவில் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்களும் டூவீலர்களும் ஒரு பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்ப் புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று விரைகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது கூட்டத்தில், அயர்ன் செய்த சட்டையோடு, கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு ஒருவர் நின்றால், அவர் இன்டர்வியூவுக்குப் போகிறார் என்று கேட்காமலேயே சொல்லிவிடலாம். உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். “ஐ ஆம் எ ஹார்டு ஒர்க்கர்... ஐ ஆம் எ குயிக் லேர்னர்... ஐ ஆம் எ டீம் பிளேயர்...”

அதே நாளில், அதே நாற்காலியில் உட்காரப்போகும் அடுத்த இருபது பேரும் அதே மூன்று வரிகளைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கும் குயிலாப்பாளையம், செம்மண்ணும் முந்திரித் தோப்பும் சூழ்ந்த ஊர். 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்ட பிறகு, சுற்றியிருக்கும் கிராமங்களின் பிழைப்பே மாறியது. இங்கிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே போனால், மரக்காணத்தின் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரியும். பட்டறையிலும் தோப்பிலும் கடலிலும் உப்பளத்திலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் பலர் இன்று பி.காம், பி.எஸ்ஸி, டிப்ளமோ முடித்துவிட்டு, குடும்பத்தின் முதல் பட்டதாரியாக சேதராப்பட்டு, ஒரகடம், சென்னை என்று வேலை தேடிக் கிளம்புகிறார்கள்.

அவர்களுக்கு இன்டர்வியூ அறையில் வருகிற கேள்விகள் பத்துக்குள்தான் இருக்கும். எல்லாமே முன்கூட்டியே தெரிந்த கேள்விகள். ஆனாலும் பலர் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். காரணம், பதிலை இன்டர்நெட்டில் தேடுவது. உண்மையான பதில் அவர்களின் வீட்டிலேயே இருக்கிறது.

கேட்பவர் எதைத் தேடுகிறார்?

1998-ல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆளெடுப்பு பற்றி 85 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலைக்கு வருபவர் பிற்பாடு எப்படி வேலை செய்வார் என்பதைக் கணிக்க, மனம்போனபடி பேசும் இன்டர்வியூவைவிட, எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மார்க் போடும் இன்டர்வியூ கூடுதலாக உதவுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று. 2022-ல் வெளியான இன்னொரு பெரிய மறு ஆய்வும் இந்த முறையைத்தான் முதலிடத்தில் வைத்தது.

இதனால்தான் பல நிறுவனங்கள் இப்போது, “நீங்க பொறுமைசாலியா?” என்று கேட்பதில்லை. “கோபமா வந்த ஒருத்தரைச் சமாளிச்ச அனுபவம் இருக்கா? சொல்லுங்க” என்று கேட்கின்றன. முதல் கேள்விக்கு எல்லோரும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, நிஜமாக நடந்த ஒன்று வேண்டும்.

இதற்குப் பதில் சொல்ல, பயிற்சி வகுப்புகளில் ‘ஸ்டார்’ என்றொரு முறையைச் சொல்லித் தருகிறார்கள். நான்கே படிகள்தான். என்ன சூழ்நிலை? அதில் உங்கள் பொறுப்பு என்ன? நீங்கள் என்ன செய்தீர்கள்? முடிவு என்ன ஆயிற்று? இந்த வரிசையில், ஒன்றரை நிமிடத்துக்குள் சொல்லி முடித்தால் போதும்.

“அப்படிச் சொல்ல என்கிட்ட என்ன இருக்கு?” என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அன்றைக்கு வீட்டில் தண்ணீர் ஏறியபோது சர்ட்டிஃபிகேட்டுகளையும் பாட்டியையும் பத்திரமாக மாடிக்குக் கொண்டுபோனவர், தெருவில் எத்தனை வீட்டுக்குச் சாப்பாடு வேண்டும் என்று கணக்கெடுத்தவர், மின்சாரம் இல்லாத நாள்களில் யார் வீட்டில் போன் சார்ஜ் போடலாம் என்று ஏற்பாடு செய்தவர், இவர்களிடம் “நெருக்கடியை எப்படிச் சமாளிச்சீங்க?” என்ற கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில் இருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க...”

முதல் கேள்வி இதுதான். பெயர், அப்பா பெயர், ஊர், பள்ளி, கல்லூரி, பொழுதுபோக்கு என்று ரெஸ்யூமை அப்படியே ஒப்பிப்பவர்களே அதிகம். அந்தத் தாள் ஏற்கெனவே எதிரில் இருப்பவர் கையில் இருக்கிறது.

மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், இதுவரை எதைச் செய்து கற்றுக்கொண்டீர்கள், இந்த வேலைக்கு ஏன் வந்தீர்கள்.

ஓர் அக்கவுன்ட்ஸ் வேலைக்கு வந்த பெண் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “பி.காம் முடிச்சிருக்கேன் மேடம். எங்க சித்தப்பா மளிகைக்கடை வச்சிருக்கார். காலேஜ் படிக்கும்போது ரெண்டு வருஷம் அந்தக் கடையோட கடன் நோட்டை நான்தான் பார்த்தேன். நோட்டுல இருந்ததை கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ, யார் எவ்வளவு பாக்கின்னு மாசக் கடைசியில சண்டை வர்றது நின்னுச்சு. டேலியும் கத்துக்கிட்டேன். பெரிய இடத்துல கணக்கு எப்படி நடக்குதுன்னு கத்துக்கணும்னுதான் இங்கே வந்திருக்கேன்.”

அரை நிமிடம்தான். இதில் ‘ஹார்டு ஒர்க்கர்’ என்ற சொல்லே இல்லை. ஆனால், கேட்பவருக்கு அது புரிந்துவிடும்.

“அப்பா என்ன பண்றார்?”

நம் ஊர் இன்டர்வியூக்களில் அடிக்கடி வருகிற, யாரும் பயிற்சி தராத கேள்வி இது. பலருக்கு முகம் சிவந்து, குரல் இறங்குவது இங்கேதான். ‘உப்பளத்தில் கூலி வேலை’ என்று சொல்ல மனம் வராமல், ‘பிசினஸ்’ என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த கேள்வியே “என்ன பிசினஸ்?” என்று வரும். அங்கே பொய்யைக் காப்பாற்றவே மூளை முழுவதும் செலவாகிவிடும். வேலைக்கான கேள்விகளுக்கு மிச்சம் இருக்காது.

உப்பு எடுப்பது எளிய வேலையா என்ன? கடல் நீரின் அடர்த்தி ‘போமே’ அளவுகோலில் சுமார் 3 டிகிரிதான். அது வெயிலில் காய்ந்து 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். அதுவரை பாத்தி மாற்றி, பக்குவம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மழை பெய்தால் எல்லாம் கரைந்துபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது.

அதனால், உள்ளதைச் சொல்லுங்கள். ஒரே வரியில் சொல்லிவிட்டு, உங்களிடம் திரும்பி வந்துவிடுங்கள். “அப்பாவும் அம்மாவும் மரக்காணம் உப்பளத்துல வேலை பார்க்கிறாங்க சார். சீசன் இல்லாத மாசத்துக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைக்கிறதை அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். வீட்டு பட்ஜெட்டை இப்ப நான்தான் எழுதுறேன்.” பரிதாபம் தேடுகிற குரலும் வேண்டாம், ஒளிக்கிற குரலும் வேண்டாம். உள்ளதைச் சொன்ன பிறகு பயப்பட எதுவும் இருக்காது.

பலம், பலவீனம்

பலத்தைக் கேட்டால் ஒன்றே ஒன்றைச் சொல்லி, அதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். பட்டியல் போட்டால் ஒன்றும் மனதில் நிற்காது.

பலவீனத்தைக் கேட்டால், “நான் ரொம்ப பர்ஃபெக்ட்டா வேலை செய்வேன், அதான் பலவீனம்” என்கிற பழைய தந்திரம் வேண்டாம். கேட்பவர் அதை நூறு முறை கேட்டிருப்பார். நிஜமான ஒன்றைச் சொல்லி, அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “கூட்டத்துல பேசத் தயக்கம் இருந்துச்சு. அதுக்காகவே கடைசி வருஷம் ரெண்டு செமினாரை நானே கேட்டு வாங்கி எடுத்தேன். இப்பவும் பதற்றம் இருக்கு. ஆனா, பேசிடுவேன்.” அதே நேரம், அந்த வேலைக்கு உயிர்நாடியான ஒன்றைப் பலவீனமாகச் சொல்லிவிடக் கூடாது. கேஷியர் வேலைக்குப் போய் ‘கணக்கு கொஞ்சம் வராது’ என்றால், இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிடும்.

அரியர், இடைவெளி, விட்டுவந்த வேலை

“ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்க?” என்ற கேள்விக்கு மூன்று வரி போதும். என்ன நடந்தது, அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள், இப்போது நிலைமை என்ன. அம்மாவுக்கு ஆபரேஷன் என்றால் அதைச் சொல்லுங்கள். அந்த நாள்களில் டியூஷன் எடுத்திருந்தாலோ, கடையில் நின்றிருந்தாலோ அதையும் சொல்லுங்கள். சம்பளம் இல்லாமல் செய்ததும் வேலைதான்.

அரியர் இருந்தால் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். மார்க் ஷீட் ஃபைலிலேயே இருக்கிறது. “மூணு பேப்பர் நின்னுச்சு, அடுத்த வருஷமே முடிச்சிட்டேன்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆசிரியரையோ காலேஜையோ குறை சொல்லத் தொடங்கினால், பேச்சு நீளும், மதிப்பு குறையும்.

முந்தைய வேலையை விட்ட காரணமும் அப்படித்தான். பழைய மேனேஜர் மீது எவ்வளவு கோபம் இருந்தாலும், அதை வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள். நாளைக்கு நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றிவிடும். “அங்கே கத்துக்க வேண்டியதைக் கத்துக்கிட்டேன், அடுத்த பொறுப்பு தேடுறேன்” என்பது போதும், அது உண்மையாக இருந்தால்!

இங்கிலீஷ் பயம்

குயிலாப்பாளையத்தின் டீக்கடைகளிலும் பேக்கரி வாசலிலும் வெளிநாட்டுக்காரர்கள் நிற்பது அன்றாடக் காட்சி. அவர்களோடு பேசிப் பழகியவர்களுக்கு, இலக்கணம் தப்பினாலும் பேச்சு நிற்காது. இன்டர்வியூவுக்கும் வேண்டியது அந்தத் துணிச்சல்தான். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். சொல் கிடைக்கவில்லை என்றால், “இதை மட்டும் தமிழ்ல சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். உறைந்து நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நாட்டின் மிகப் பெரிய இன்டர்வியூக்களில் ஒன்றான சிவில் சர்வீசஸ் நேர்முகத் தேர்விலேயே, தமிழில் மெயின் தேர்வு எழுதியவர்கள் தமிழில் பதில் சொல்லலாம். மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 அந்த நேர்முகத் தேர்வுக்கு உரியது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கோ 2016 ஜனவரி 1 முதல் இன்டர்வியூவே கிடையாது. கிராமப்புற இளைஞர்களைச் சலுகையும் சிபாரிசும் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பதற்காக எடுக்கப்பட்ட முடிவு அது. தமிழ்நாட்டிலும் 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், மாணவர்களுக்குத் திறன் பயிற்சியோடு வேலைவாய்ப்பு வழிகாட்டுதலும் தருகிறது. உங்கள் காலேஜில் அது நடக்கிறதா என்று விசாரிப்பது, இன்டர்வியூவுக்கு முந்தைய வாரம் செய்ய வேண்டியதல்ல; முதல் வருடமே செய்ய வேண்டியது.

“தெரியலை சார்”

தெரியாத கேள்வி வரத்தான் செய்யும். 1921-ல் தாமஸ் ஆல்வா எடிசன், தன்னிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்துச் சோதித்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் அதுதான் அப்போது பேச்சு. அந்த நேரத்தில் பாஸ்டன் நகருக்குப் போன ஐன்ஸ்டீனிடம், அதிலிருந்து ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தில் எளிதாகக் கிடைக்கிற விவரத்தை மனதில் சுமப்பதில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

நம்மால் அந்தத் தோரணையில் சொல்ல முடியாது; ஆனால், நேர்மையாகச் சொல்லலாம். “இது எனக்குத் தெரியலை சார். இதுக்குப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சது இது... முழுசா பார்த்துக் கத்துக்குவேன்.” யூகித்து உளறுவதைவிட, இந்தப் பதிலுக்கு மரியாதை அதிகம்.

சம்பளம் எவ்வளவு வேணும்?

“நீங்க பார்த்துக் குடுங்க” என்பதும் தவறு; யோசிக்காமல் ஒரு தொகையைச் சொல்வதும் தவறு. அதே ஊரில், அதே வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று இரண்டு பேரிடமாவது விசாரித்துவிட்டுப் போங்கள். ‘இவ்வளவிலிருந்து இவ்வளவுக்குள்’ என்று சொல்லுங்கள்.

‘சி.டி.சி’ என்று சொன்னால் அது கைக்கு வரும் பணம் அல்ல. உதாரணத்துக்கு, மாதம் 20,000 ரூபாய் என்று சொல்லப்படும் வேலையில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால், நிறுவனத்தின் பி.எஃப் பங்கு 12 சதவிகிதம், அதாவது 1,200 ரூபாய், பெரும்பாலும் அந்த 20,000-க்குள்தான் இருக்கும். உங்கள் பங்கு இன்னொரு 1,200. இ.எஸ்.ஐ-யும் போனால், கைக்கு வருவது 17,500-க்குள்தான் இருக்கும். ஹாஸ்டல் வாடகையும் பஸ் செலவும் அதிலிருந்துதான். “கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்பதில் தப்பே இல்லை.

“கல்யாணம் எப்போ?”

பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி இது. ஒரே மாதிரி வேலைக்கு ஆளெடுக்கும்போது பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை.

பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலையும் வேண்டும், சங்கடமும் வேண்டாம் என்றால், கேள்விக்குப் பின்னால் இருக்கும் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொல்லலாம். “இந்த வேலைக்கு என்ன நேரம், என்ன ஷிஃப்ட்னு தெரிஞ்சுதான் மேடம் வந்திருக்கேன். தொடர்ந்து வேலைக்கு வர்ற ஏற்பாடு வீட்டுல இருக்கு.” அதற்கு மேலும் துருவினால், அந்த இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே ஓர் அடையாளம்.

நீங்களும் கேளுங்கள்

“எங்ககிட்ட ஏதாவது கேட்கணுமா?” என்றால், “ஒண்ணும் இல்லை” என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள், பயிற்சி யார் தருவார்கள், ஷிஃப்ட் முடிந்து திரும்ப வண்டி வசதி உண்டா என்று கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் ஊருக்குள் பஸ் கிடைக்காதவர்களுக்கு, மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இன்டர்வியூவுக்கோ, யூனிஃபார்முக்கோ, ‘செக்யூரிட்டி டெபாசிட்’டுக்கோ முன்பணம் அனுப்பச் சொன்னால், அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆஃபர் லெட்டரை நம்பி வீட்டு நகையை அடகு வைக்கும் கதை நம் ஊர்களுக்குப் புதிதல்ல. பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேலை

பிள்ளை இன்டர்வியூவுக்குப் போகும்போது, “நல்லா பண்ணுடா” என்று சொல்லி, திருநீறு பூசி அனுப்புகிறார்கள் வீட்டில் இருப்பவர்கள். இன்னொன்றும் செய்யலாம். முந்தின நாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும், டிவியை அணைத்துவிட்டு, பிள்ளையை எதிரில் உட்கார வையுங்கள். “உன்னைப் பத்திச் சொல்லு” என்று கேளுங்கள். கேள்வி கேட்கப் பட்டம் தேவையில்லை. அம்மாவுக்குப் புரிகிற மாதிரி பதில் சொல்ல முடிந்தால், ஹெச்.ஆருக்கும் புரியும்.

அந்தப் பதிலை போனில் ரெக்கார்டு செய்து, ஒருமுறை போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறார், எங்கே அவசரப்படுகிறார், எங்கே குரல் இறங்குகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் குரல் இறங்குவது, “அப்பா என்ன பண்றார்?” என்ற இடத்தில்தான். அந்தக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை கேளுங்கள். அப்பாவே கேட்டால் இன்னும் நல்லது.